பங்கிட்டாலும் குறையாத சொத்து

பாகப் பிரிவினை என்று வந்துவிட்டால் நமது குடும்பங்களில் பித்தளைச் சொம்புக்குக்கூடக் கணக்கு உண்டு. நிலத்துக்குப் பத்திரம் எழுதுகிறோம். நகையைத் தராசில் வைத்து நிறுக்கிறோம். ஆனால் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அடியோடு அடியாய்க் கிடக்கும் பழைய புகைப்படங்களையும், தோலுறை கிழிந்த காமிராவையும் கேட்பார் இல்லை. அவை யாராவது ஒருவர் வீட்டுப் பரணுக்குப் போய்ச் சேருகின்றன. பிதிரார்ஜிதமாக வந்த பொருள்களில் இவ்வளவு சுலபமாக அழியக்கூடியது வேறொன்றும் இல்லை. தாம்பரத்தைச் சுற்றி வாழும் ஜனங்கள் இந்த உண்மையை 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அறிந்துகொண்டார்கள்.

டிசம்பர் 2-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. கட்டிலும் மெத்தையும் போனால் பணம் கொடுத்து வாங்கலாம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாய்ப் போன ஆல்பத்தை எந்தக் கடையில் வாங்குவது? பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்பது ஜெலாட்டின் என்னும் பசையில் பதிந்த வெள்ளித் துகள்களேயல்லவா? தண்ணீரில் ஊறினால் பசை பருத்து இளகும். காயும்போது பக்கத்துப் படத்தையும் பற்றிக்கொள்ளும். அதே படத்தின் மற்றொரு பிரதி வெளியூரில் அத்தை வீட்டுச் சுவரில் தொங்கினால் முகம் பிழைத்தது. இல்லாவிட்டால் போனது போனதுதான்.

போனால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. சென்னையில் 1850-களிலேயே புகைப்படச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயர் தஞ்சை, மதுரைக் கோயில்களைப் படம் பிடித்தார். அவையெல்லாம் அயல்நாட்டு நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் நம் பாட்டிமார்களைப் படம் பிடித்தவர் யார்? கடைத்தெரு ஸ்டூடியோக்காரர்தான். பூ வைத்துப் பின்னிய ஜடை தெரியும்படி சிறுமியைக் கண்ணாடிக்கு முன் உட்கார வைத்து, முன்னழகையும் பின்னழகையும் ஒரே படத்தில் அடக்கிய சாமர்த்தியம் அவருடையது. நம் சாதாரண மக்களின் சரித்திரம் அரசாங்க ஆவணங்களில் இல்லை. இந்தப் படங்களில்தான் இருக்கிறது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸோயே ஹெட்லி என்ற பெண்மணி 2010-க்குப் பிற்பட்ட வருஷங்களில் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுக்கும் பணியில் இறங்கினார். அயலார் அருமை அறிந்த பொருளை நாம் எலிக்கு விடுவது நியாயமா?

தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. அதன் பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை முதலிய இடங்களில் வீடுகள் பெருகின. அந்நாளில் எடுத்த கிருகப் பிரவேசப் படம் ஒன்று உங்களிடம் இருந்தால், முன்னால் நிற்கும் மனிதர்களை மட்டும் பார்க்காதீர்கள். பின்னால் ஏரிக்கரையோ வாய்க்காலோ தெரியக்கூடும். இன்று தெருவாகிவிட்ட இடத்தில் முன்பு தண்ணீர் நின்றது என்பதற்கு அந்தப் படம் சாட்சி. வெள்ளம் எங்கே வரும் என்று அது நமக்கு முன்கூட்டியே சொல்லிக்கொண்டிருந்தது. நாம்தான் பெட்டியைத் திறக்கவில்லை.

காமிராவையும் பழைய இரும்பு என்று எறிந்துவிட வேண்டாம். 1901-ல் கோடாக் கம்பெனியார் தங்கள் இரண்டாம் எண் பிரௌனிப் பெட்டிக் காமிராவுக்காகக் கொண்டுவந்த 120 என்னும் பிலிம் சுருள் இன்றும் தயாராகிறது. பரோடாவில் செய்த அக்பா கிளிக்-3 காமிராவுக்கும் அதுவே பொருந்தும். முன்னதில் ஒரு சுருளுக்கு எட்டுப் படம், பின்னதில் பன்னிரண்டு. எட்டே படம் என்றால் ஒன்றையும் வீணாக்க முடியுமா? அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதன் மர்மம் இப்போது விளங்குகிறதல்லவா? ஒரு ஜாக்கிரதை: உள்ளே பழைய சுருள் இருக்கிறதா என்று பார்க்க, பின்கதவை வெளிச்சத்தில் திறந்துவிடாதீர்கள். முதுகிலுள்ள சிறு சிவப்புக் கண்ணாடியில் எண் தெரிந்தால் சுருள் இருக்கிறது. விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்து இருட்டறையில் எடுக்கச் செய்தால், யாரும் பார்த்திராத முகம் ஒன்று வெளிப்பட்டாலும் வெளிப்படும்.

படங்களைப் பசைத்தாள் ஆல்பத்திலிருந்தும் ஈரச் சுவரிலிருந்தும் விலக்கி வையுங்கள். நனைந்து ஒட்டிய படங்களைப் பலவந்தமாகப் பிரிக்காதீர்கள்; கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதைக் கண்ணாடியோடே பிரதி எடுத்துவிடுங்கள். காமிராவைத் தோலுறையில் மூடி வைத்தால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றாட வெளியில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெயர். பொங்கலுக்கு உறவினர் கூடும்போது பெட்டியைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் வயதானவர் யாரோ அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இது யார்? எந்த ஊர்? எந்த வருஷம்?” என்று கேளுங்கள். சொன்னதை மெல்லிய பென்ஸிலால் படத்தின் பின்புறம் அழுத்தாமல் எழுதுங்கள். பிறகு பிரதி எடுத்து அண்ணன், தம்பி, அக்காள், தங்கை அனைவருக்கும் கொடுங்கள். நிலம் பங்கிடப் பங்கிடச் சிறுத்துப் போகும். புகைப்படமோ எத்தனை வீட்டுக்குப் போகிறதோ அத்தனைக்கு உயிர் பெறும்.

ஆனால் இந்தப் பொங்கலுக்கே கேட்டுவிடுங்கள். படம் இன்னும் நூறு வருஷம் இருக்கலாம். பெயர் தெரிந்த பாட்டி இருக்க மாட்டாள்.