சம்பளக் காலத்துக்கு முன் ஆடிய 'ஸ்பைடர்மேன்'

1980 ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம் நிரம்பி வழிந்தது. மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கு யார் போவது என்பதைத் தீர்க்கும் ஆட்டம், எதிரணி தென்கொரியா. ஜேம்ஸ் வோங் அடித்த கோலில் மலேசியா 2-1 என வென்றது. அந்தக் கோலைப் பற்றி இன்றும் பேசுகிறோம். மறுமுனையில் கோல் கம்பத்தைக் காத்து நின்றவரைப் பற்றி அதில் பாதியாவது பேசியிருக்க வேண்டும்.

அவர் ஆர். ஆறுமுகம். 1953இல் போர்ட் கிள்ளானில் பிறந்தவர். கைகள் நல்ல நீளம். மூலைக்குப் பறக்கும் பந்தையும் எட்டித் தட்டிவிடுவார். ரசிகர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவரைத் தொழில்முறை ஆட்டக்காரர் என்று சொல்ல முடியாது. அன்று மலேசியக் காற்பந்து அமெச்சூர் ஆட்டம்தான். பிழைப்புக்கு ஒரு வேலை, அது போக மீதி நேரத்தில் பயிற்சி. ஆனால் அவர்கள் ஆடிய ஆட்டம் அரைகுறை ஆட்டமல்ல. 1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம். 1977, 1979 தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுகளில் தங்கம். மலேசியக் கிண்ணத்தில் அவருடைய சிலாங்கூர் அணி 1975, 1976, 1978, 1979 என நான்கு இறுதியாட்டங்களில் சிங்கப்பூரை வீழ்த்தியது. தேசிய அணியின் தற்காப்பில் அவருக்கு முன்னால் சோ சின் ஆன், சந்தோக் சிங். அந்த மூவரையும் தாண்டிக் கோல் போடுவது ஆசியாவின் பெரிய அணிகளுக்கே பெரும்பாடு.

மாஸ்கோவுக்கு அவர்கள் போகவில்லை. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வியர்வை சிந்தி வென்ற இடத்தை அரசியலுக்காக விட்டுக்கொடுத்தது ஆட்டக்காரர்களுக்கு நேர்ந்த பெரிய இழப்பு. 1972 மியூனிக்கிற்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை. 1980 தகுதிச் சுற்றின் கதையைத் தழுவி 2016இல் சியூ கெங் குவான் 'ஓலா போலா' படத்தை எடுத்தார். அதில் வரும் கோல் காவலர் முத்துக்குமார், ஆறுமுகத்தின் சாயலில் உருவான பாத்திரம்.

1988 டிசம்பர் 18 அன்று கார் விபத்தில் ஆறுமுகம் இறந்தார். வயது 35. அடுத்த ஆண்டே அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் அது முழுத் தொழில்முறையானது. ஒப்பந்தம், மாதச் சம்பளம், முழுநேரப் பயிற்சி எல்லாம் வந்தன. அதைப் பார்க்க அவர் இல்லை. உயிரோடு இருந்திருந்தால், இளம் கோல் காவலர்களைத் தயார்செய்ய அவரைவிடப் பொருத்தமான ஆள் சிலாங்கூரில் யார் இருந்திருப்பார்?