வீட்டுத் தியேட்டருக்கு எத்தனை சப்வூபர்?

சினிமா பார்ப்பதென்றால் குடும்பத்தோடு கிளம்பி, பஸ் பிடித்து, டிக்கெட் வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது. இன்று திருவனந்தபுரத்திலே கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெருப் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களில்கூட, சிட்டி பிடித்த பணம் கைக்கு வந்ததும் மாடி அறையைத் தியேட்டர் ஆக்கும் ஆசை எழுகிறது. பெரிய டி.வி. வந்துவிடும், ஐந்து ஸ்பீக்கர்களும் வந்துவிடும். தகராறு ஆரம்பிப்பது ஆறாவது பெட்டியில்தான். இடி முழக்கத்தையும் தவிலின் தொப்பிப் பக்கத்து நாதத்தையும் தரும் அந்தக் கனத்த பெட்டிக்குத்தான் சப்வூபர் என்று பெயர். ஒன்று போதும் என்கிறார் அப்பா. இரண்டாவது இருந்தே தீரவேண்டும் என்கிறான் மகன். கடைக்காரரோ நான்கு என்கிறார். அவர் சொல்லாமல் யார் சொல்வது!

தாழ்ந்த ஒலிக்கென்று தனி ஏற்பாடு செய்யும் வழக்கம் சினிமாக் கொட்டகையில் பிறந்தது. 1974-ல் வெளிவந்த ‘எர்த்க்வேக்’ என்ற அமெரிக்கப் படத்துக்காக, பூகம்ப அதிர்வை உடம்பிலேயே உணர்த்தும் பிரமாண்டமான ஸ்பீக்கர்களைக் கொட்டகைகளில் வைத்தார்கள். 1977-ல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் 70 எம்.எம். பிரதிகளில் இந்த ஒலிக்கென்றே தனித் தடம் ஒதுக்கப்பட்டது. இன்று பெட்டிகளின் மேல் 5.1 என்று அச்சிட்டிருக்கிறதே, அந்தப் ‘புள்ளி ஒன்று’ இதன் வாரிசு. அது தடத்தின் கணக்கே தவிர, பெட்டியின் கணக்கு அல்ல. ஒரே தடத்தை நான்கு பெட்டிகளுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம்.

அப்படியானால் எத்தனை வேண்டும்? அறையைத்தான் கேட்கவேண்டும்.

18 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஒரு மாடி அறையை எடுத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்குச் சுமார் 1,130 அடி பாய்கிறது. 31 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஒன்று 36 அடி நீளம்; அறையின் நீளம் சரியாக அதில் பாதி. ஆகவே அந்த ஒலி முன் சுவருக்கும் பின் சுவருக்கும் இடையே மோதி, ஊஞ்சல்போல் நின்று ஆடத் தொடங்கிவிடும். இரு சுவர் ஓரங்களிலும் பலத்த முழக்கம். நட்டநடுவில் கிட்டத்தட்ட நிசப்தம். அகலத்தில் 47 ஹெர்ட்ஸிலும், உயரத்தில் 57 ஹெர்ட்ஸிலும் இதே கூத்து. நடுவில் நாற்காலி போட்ட அப்பா, “என்னடா, இடி சத்தமே இல்லையே” என்று ஒலியைக் கூட்டச் சொல்வார். பின்சுவரை ஒட்டிக் கட்டிலில் சாய்ந்திருக்கும் அம்மாவுக்குத் தலைவலி வரும். இருவர் சொல்வதும் உண்மையே.

நம் ஊர் வீடுகளில் இது இன்னும் கடுமை. அமெரிக்காவில் மரச்சட்டத்தில் பலகை அடித்த சுவர்கள் தாமும் சற்று அதிர்ந்து, தாழ்ந்த ஒலியில் கொஞ்சம் விழுங்கிவிடுகின்றன. செங்கல்லும் கான்கிரீட் தளமும் அப்படி இளகுவதில்லை. வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும். சுவரில் ஒட்டக் கடையில் விற்கும் மெல்லிய பஞ்சுத் தகடும் இதற்கு உதவாது. 31 ஹெர்ட்ஸ் அலையில் கால் பங்கே 9 அடி. இரண்டு அங்குலப் பஞ்சு அதை என்ன செய்யும்?

இந்தக் கேள்வியையே ஆராய்ச்சிக்கு எடுத்தவர் ஹார்மன் கம்பெனியின் டாட் வெல்ட்டி. எத்தனை சப்வூபர் போதும் என்று 2002-ல் ஆடியோ பொறியாளர் சங்கத்தின் மாநாட்டில் கட்டுரை அளித்தார். செவ்வக அறையில் பெட்டிகளைப் பலவிதமாக வைத்துக் கணக்கிட்டு, எந்த ஏற்பாட்டில் எல்லா இருக்கைகளுக்கும் ஒலி ஒரே சீராக வருகிறது என்று பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்று வைப்பது மிகச் சிறப்பு. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தால் ஏறக்குறைய அதே நன்மை. நான்குக்கு மேல் போவதில் சொல்லும்படியான லாபம் இல்லை.

காரணமும் எளிது. முன்சுவர் நடுவில் ஒன்றும் பின்சுவர் நடுவில் ஒன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது, அந்த 31 ஹெர்ட்ஸ் ஊஞ்சலை இரண்டும் இரண்டு பக்கமிருந்து ஒரே சமயத்தில் தள்ளுகின்றன. ஊஞ்சல் எப்படி ஆடும்? அகலத்து ஊஞ்சலுக்கோ சுவரின் நடு இடம்தான் அசைவற்ற இடம். அங்கிருந்து அதைக் கிளப்ப முடியாது. இரண்டையும் ஒரே மூலையில் அடுக்கி வைத்தால் சத்தம் கூடுமே அன்றிச் சீர் வராது. பலரும் செய்யும் தவறு இதுதான்.

ஆகவே பெட்டியை எண்ணுமுன் இருக்கையை எண்ணுவது நல்லது. ஆபீஸ் விட்டு வந்து ஒருவர் மட்டும் படம் பார்க்கும் அறைக்கு, இடம் பார்த்து வைத்த ஒன்றே தாராளம். நான்கைந்து பேர் உட்காரும் அறைக்கு இரண்டு. ‘ட’ வடிவ அறைக்கும், ஒரு பக்கம் வராந்தாவோடு திறந்த கூடத்துக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி அண்டை வீட்டார் விஷயம். அக்கிரகாரத்து வரிசை வீடுகளில் சுவர் இருவருக்கும் பொது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு. இந்த அளவுமுறை காதின் இயல்பையொட்டி எடை போடுவதால், 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சுமார் 40 டெசிபல் குறைத்தே காட்டும். கருவி மன்னித்துவிடும், அடுத்த வீட்டுச் சேச்சியின் அலமாரிப் பாத்திரங்கள் மன்னிக்கா. பொதுச் சுவரை ஒட்டிப் பெட்டி வைக்காதிருப்பதே புத்தி.

ஒரே பெட்டிக்குத்தான் பணம் இருக்கிறதென்றால் செலவில்லாத உபாயம் ஒன்று உண்டு. சப்வூபரைத் தூக்கி, தாம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வைத்து, தாழ்ந்த நாதம் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட வேண்டும். பிறகு சுவர் ஓரமாக முழங்காலில் தவழ்ந்து, முழக்கம் சீராகக் கேட்கும் இடத்தைக் கண்டுபிடித்துப் பெட்டியை அங்கே வைத்துவிடலாம். இடமாற்றிக் கேட்டாலும் ஒலிக்கு வழி ஒன்றே. குழந்தைகள் இந்த வேலையை மிகுந்த உற்சாகத்தோடு செய்வார்கள். அந்த இடத்தில் பீரோ நின்றால், அதை நகர்த்தத்தான் இரண்டு ஆள் வேண்டும்.