விழுங்காத கருந்துளைகள்

பிரிக்பீல்ட்ஸ் கடையில் தே தாரிக்கும் கேசரியும் வந்துவிட்டன. பேச்சைக் கருந்துளைப் பக்கம் திருப்புவோம். நாமும் நட்சத்திரங்களும் ஆன சாதாரணப் பொருளைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு, ஒளியே தராத பொருள் பிரபஞ்சத்தில் இருக்கிறது. அதன் ஈர்ப்புதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் கரும்பொருள் என்கிறோம். பிரபஞ்சம் பிறந்த தறுவாயிலேயே உருவான ஆதிக் கருந்துளைகள்தாம் அதுவோ என்று ஒரு சந்தேகம். ஸ்டீபன் ஹாக்கிங் 1971-இலேயே இவற்றைப் பற்றி எழுதினார்.

அத்தனை கருந்துளைகள் இருந்தால் எல்லாவற்றையும் விழுங்கியிருக்காதா என்று கேட்கத் தோன்றும். விழுங்காது. சூரியனை எடுத்துவிட்டு அதே நிறையில் ஒரு கருந்துளையை வைத்தால் அதன் ஆரம் சுமார் 3 கிலோமீட்டர்தான். பூமி இருண்டு குளிர்ந்துபோகும். ஆனால் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி, அதே பாதையில் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஈர்ப்புக்கு நிறையும் தூரமும்தான் கணக்கு. மிக நெருங்கிப் போனால்தான் வம்பு.

அப்படியானால் கரும்பொருள் கருந்துளைகளாக இருப்பதற்கும் நுண்துகள்களாக இருப்பதற்கும் வித்தியாசம் எங்கே? கேசரியில் எந்தக் கரண்டி அள்ளினாலும் ரவை ஒரே அளவுதான். முந்திரி அப்படியில்லை, ஒன்றில் மூன்று வரும், இன்னொன்றில் ஒன்றுகூட வராது. நுண்துகள்களால் ஆன கரும்பொருள் ரவை. சூரியனைப்போல 30 மடங்கு கனமான கருந்துளை முந்திரி. அது கூடுதலாக விழுந்த இடத்தில் ஈர்ப்பும் கூடும், பொருளும் சீக்கிரமே கொத்தாகத் திரளும்.

இதைத்தான் கணினியில் ஓட்டிப் பார்க்கிறார்கள். புள்ளிகளைப் பரப்பி, ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கிறது என்று கணக்கிட்டு, கொஞ்சம் நகர்த்தி, மறுபடி கணக்கிடுவார்கள். 2019-இல் ஆய்வாளர்கள் டெரெக் இன்மனும் யாசின் அலி-ஹைமூதும் 30 சூரிய நிறைக் கருந்துளைகளை வைத்து இப்படிச் செய்தார்கள். பிரபஞ்சத்தின் இளமையிலேயே கொத்துகள் திரண்டன.

முந்திரியும் ரவையும் கலந்திருந்தால் இன்னொன்றும் நடக்கும். கனமானது நகரும்போது அதன் பின்னால் லேசானவை திரண்டு பின்னுக்கு இழுக்கும்; வேகம் குறைந்து அது கொத்தின் நடுவுக்கு இறங்கும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943-இல் கணக்கிட்டுச் சொன்ன உராய்வு இது.

கருந்துளை ஒரு சிறுகோள் அளவே கனம் என்றால்? எண்ணிக்கை ஏராளமாகிவிடும், அதுவும் ரவைதான். கணினியால் பிரித்துக் காட்ட முடியாது, வானத்தைத்தான் பார்க்க வேண்டும். கருந்துளை ஒரு நட்சத்திரத்துக்குக் குறுக்கே போனால், அதன் ஈர்ப்பு ஒளியைக் குவிப்பதால், அந்த நட்சத்திரம் சற்றுநேரம் பிரகாசமாகத் தெரியும். ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி 2014-இல் ஓர் இரவு ஆந்திரமேடா விண்மீன்மண்டலத்தை இப்படிக் கவனித்தது. சந்தேகப்படும்படி சிக்கியது ஒன்றே ஒன்று. ஆகவே நிலா அளவு கனமுள்ளவை கரும்பொருள் முழுவதுமாக இருக்க முடியாது. சிறுகோள் கனமுள்ளவற்றை மட்டும் இன்னும் யாரும் தள்ளிவிடவில்லை.