ஷாஃப்ட்டைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு!

கோவில்பட்டி கரிசல்ல ஓடுற பழைய மகிந்திரா ஜீப்புல, கியர் போட்டதும் அடியில 'டக்'னு சத்தம் வருதா? யூ.ஜே. கிராஸைப் பாருங்க. கப் ஓரத்தில் செந்தூள் இருந்தால் கிரீஸ் வற்றி, ஊசி பேரிங் துருப்பிடிச்சிருக்கு, மாத்தணும்.

முதல்ல சக்கரத்துக்குக் கல் கொடுங்க. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்கள் பலவற்றில் ஹேண்ட்பிரேக் டிரம், டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம்தான் இருக்கு. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிட்டா அது பின்சக்கரத்தைப் பிடிக்காது. அடியில் படுத்திருக்கிறவர் மேலேயே வண்டி உருளலாம்.

அடுத்து, ஷாஃப்ட்டின் ரெண்டு பாதியிலும் சேர்த்து ஒரு நேர்கோடு போடுங்க. சாய்வாகச் சுற்றும்போது முதல் ஜாயிண்ட் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மறுமுனை ஜாயிண்ட் அதைச் சமன் செய்யும். கோடு மாறினால் அதிர்வு வரும், புதுக் கிராஸும் சீக்கிரம் போயிடும்.

மழைச்சேற்றில் ஓட்டினால், கழுவியதும் நாலு கப் ஓரத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிங்க.