பொத்தானைத் தட்டச் சொன்ன கலைவாணர்

ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் ஏறும் தோழரைக் கேட்கிறோம்: கலைவாணரைத் தெரியுமா? "சிரிப்பு நடிகர்தானே!" என்பார். ஆம், சிரிப்பு நடிகர்தான். எதற்காகச் சிரிக்க வைத்தார்?

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்தவர் என். எஸ். கிருஷ்ணன். படிப்பு நான்காம் வகுப்போடு சரி. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்ற ஏழைச் சிறுவன், டி. கே. எஸ். சகோதரர்கள் கம்பெனியில் நடிகனானான். 1936-இல் 'சதிலீலாவதி', எம். ஜி. ஆருக்கும் அதுவே முதற்படம். பின்னர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு, ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போராடி, 1947-இல் வெளியே வந்தார். சிறை அவர் சிரிப்பைச் சிதைக்கவில்லை, கூர் தீட்டிற்று!

1949-இல் அண்ணா எழுதிய 'நல்லதம்பி' வந்தது. அதிலே மதுரத்தோடு விஞ்ஞானத்தைப் பற்றி ஒரு பாட்டுப் பாடினார். பொத்தானைத் தட்டினால் இட்டிலியும் காப்பியும் பக்கத்தில் வந்து நிற்கவேண்டுமாம்! கொட்டகை குலுங்கிற்று. வேடிக்கைதானா அது? உழைத்து உழைத்து முதுகு வளைந்த மக்களிடம், வளைந்த முதுகை நிமிர்த்த இயந்திரம் உண்டு என்று சொன்ன பாட்டல்லவா! விதியை நம்பு என்று சொன்ன படங்கள் மலிந்திருந்த காலத்திலே சொன்னார், தோழர்களே!

1957 தேர்தலில் காஞ்சியில் அண்ணாவுக்காகப் பேச வந்தவர், எதிர்த்து நின்ற டாக்டரை வாயாரப் புகழ்ந்தாராம். இத்தனை நல்ல வைத்தியர் உங்கள் ஊரிலேயே இருக்கட்டும், சட்டசபைக்கு அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம்! அவ்வாண்டு ஆகஸ்ட் 30-இல் மறைந்தார். வயது 48.

அந்தக் காஞ்சிக்குப் பக்கத்திலே இன்று எத்தனை பொத்தான்கள்! காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் பிறக்கின்றன. இயந்திரக் கைகள் இரும்பைப் பற்றவைக்கின்றன. கேட்ட விஞ்ஞானம் வந்துவிட்டது. இட்டிலி?

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் செல்பேசி செய்யும் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் மருத்துவமனைக்குப் போனார்கள். உடன் உழைத்த பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, மறந்துவிட்டதா? 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் 37 நாள் வேலைநிறுத்தம். கூலிக்கு மட்டுமா? தாங்கள் அமைத்த சங்கத்தைச் சங்கம் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லித்தானே!

கலைவாணர் இருந்தால் இதற்கும் ஒரு காட்சி கட்டியிருப்பார். பொத்தானைத் தட்டுகிறவன் ஒருவன், தட்டிலே கை வைப்பவன் வேறொருவன். நடுவிலே மதுரம் நின்று கணக்குக் கேட்பார்!

மே தின விழாவுக்கு நாடகம் தேடும் ஒரகடத்துத் தோழர்கள் அந்தப் பாட்டை ஒருமுறை போட்டுக் கேளுங்கள். காட்சியை நீங்களே எழுதிக் கொள்ளலாம்.