அரசு முடங்கும்போது ஆய்வகத்துக்கு யார் படியளப்பது?

நீண்ட குளிர்கால இருள் விலகி, அண்டார்டிகாவில் விமானங்கள் இறங்கத் தொடங்கும் மாதம் அக்டோபர். மக்மர்டோ, பால்மர், தென்துருவத்தில் உள்ள அமுண்ட்சென்-ஸ்காட் என அமெரிக்காவின் மூன்று நிலையங்களுக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிளம்பும் பருவம் அது. 2013 அக்டோபர் 8 அன்று, அந்த நிலையங்களை நடத்தும் தேசிய அறிவியல் அறக்கட்டளை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. களப்பணி நிறுத்தப்படுகிறது, நிலையங்களைக் காக்கும் அளவுக்கு மட்டுமே ஆட்கள் இருப்பார்கள் என்றது. அரசு முடங்கியிருந்ததால், நிலையங்களைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுக்க மாத நடுவில் பணம் தீர்ந்துவிடும் என்பதுதான் காரணம். ஒன்பதே நாளில் வாஷிங்டனில் சமரசம் ஏற்பட்டது. ஆனால் கோடைக்காலம் அண்டார்டிகாவில் சில மாதங்கள்தான். இடம் இழந்த ஆய்வுகள் சில அந்தப் பருவத்துக்குள் மீளவே இல்லை.

அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. அதற்குள் செலவு மசோதாக்களோ இடைக்காலத் தீர்மானமோ அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸில் நிறைவேறாவிட்டால் அரசுத் துறைகள் கதவடைக்க வேண்டும். அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி 1980-லும் 1981-லும் கொடுத்த விளக்கங்களுக்குப் பிறகு இது கறாராகிவிட்டது. உயிரையும் உடைமையையும் காக்கும் பணிகள் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. 2013-ல் முடக்கம் 16 நாள் நீடித்தது. 2018 டிசம்பரில் தொடங்கியது 35 நாள். 2025 அக்டோபரில் தொடங்கியது 43 நாள்.

செய்திகளில் பூட்டிய தேசியப் பூங்காக்களும் விமான நிலைய வரிசைகளும் வரும். பல்கலைக்கழகங்கள் அதிகம் வருவதில்லை. ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சிச் செலவில் பாதிக்கும் மேல் மத்திய அரசின் பணம்.

அரசு மூடிய அன்றே மானியமும் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மானியம் என்பது பெரும்பாலும் மொத்தமாகக் கைக்கு வரும் பணம் அல்ல. வேலை எடுத்தவர் முதலில் தன் கைக்காசைப் போட்டுச் செங்கல் இறக்கிவிட்டு, பிறகு வீட்டுக்காரரிடம் கணக்குக் காட்டி வாங்கிக்கொள்வதைப் போல, பல்கலைக்கழகம் சம்பளமும் ரசாயனமும் கொடுத்துவிட்டு அரசின் இணையவழிப் பட்டுவாடா அமைப்பிலிருந்து அந்தத் தொகையை எடுத்துக்கொள்ளும். முந்தைய ஆண்டுகளின் ஒதுக்கீட்டிலிருந்து முழுவதுமாக எழுதிக் கொடுக்கப்பட்ட மானியம் என்றால், முடக்கத்தின்போதும் அதில் சட்டப்படி செலவு செய்யலாம்.

நிற்பது மனிதர்கள். மானியத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஊதியமின்றி வீட்டில் இருப்பார். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதக்கூட அவருக்கு அனுமதி இல்லை. முதன்மை ஆய்வாளரை மாற்றுவது போன்ற முன்அனுமதி வேண்டிய எதுவும் நகராது. ஆண்டுக்கு ஆண்டு தவணையாக வரும் மானியமாக இருந்து, இந்த ஆண்டின் தவணை அக்டோபரில் வரவேண்டியிருந்தால், அது வராது. புதிய விண்ணப்பங்களின் கதையும் இதுதான். 2013-ன் 16 நாளில், மருத்துவ ஆய்வுகளுக்கு மானியம் தரும் தேசிய சுகாதார நிறுவனங்களின் மதிப்பீட்டுக் கூட்டங்கள் 200-க்கும் மேல் நடக்காமல் போயின. 11,000-க்கும் அதிகமான விண்ணப்பங்கள் அவற்றுக்காகக் காத்திருந்தன.

எந்தத் துறை மூடியது என்பதும் முக்கியம். 2018 - 19 முடக்கத்தில் சுகாதார நிறுவனங்களுக்கு முன்பே முழு ஆண்டு நிதி கிடைத்திருந்தது. அறிவியல் அறக்கட்டளைக்குக் கிடைக்கவில்லை. ஒரே வராண்டாவில் எதிரெதிரே இருந்த இரண்டு ஆய்வகங்களில், புற்றுநோய் செல்லை ஆராய்ந்தது வழக்கம்போல் நடக்க, தாவர மரபணுவை ஆராய்ந்தது நாட்களை எண்ணும் நிலை. அறக்கட்டளையிடமிருந்து நேரடியாக உதவித்தொகை பெற்றுவந்த முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்கள் சிலர் ஜனவரி மாதத் தொகையை எடுக்க முடியாமல் தவித்தார்கள்.

இந்த நாட்களில் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிதி அலுவலகம்தான் உண்மையான போர்முனை. எந்த மானியம் முழுப் பணத்துடன் இருக்கிறது, எது தவணைக்குக் காத்திருக்கிறது, எது மானியமே அல்லாமல் ஒப்பந்தம் என்று பிரித்துப் பட்டியல் போடவேண்டும். ஒப்பந்தம் என்றால் 'வேலையை நிறுத்து' என்று உத்தரவு வரலாம். அதை மீறிச் செய்த செலவு பல்கலைக்கழகத்தின் தலையில் விழும் ஆபத்து உண்டு. துணை ஒப்பந்தம் எடுத்திருக்கும் வேறு பல்கலைக்கழகத்துக்கும் அன்றே தகவல் போகவேண்டும். முடியும் தறுவாயில் உள்ள மானியத்துக்கு, கூடுதல் பணமில்லாத கால நீட்டிப்பை ஒருமுறை பல்கலைக்கழகமே எடுத்துக்கொள்ளப் பல மானியங்களில் வழியுண்டு. ஆனால் காலக்கெடுவுக்குக் குறைந்தது 10 நாள் முன்பே தெரிவித்துவிட வேண்டும்.

கடினமானது சம்பளம். அரசின் ஆய்வுக்கூடத்திலோ பூட்டிய பூங்காவிலோதான் வேலை என்றால், ஆய்வு உதவியாளர் உள்ளே போகவே முடியாது. மத்திய விதிகளின்படி, மானியத்தில் எழுதும் சம்பளம் உண்மையில் அந்த ஆய்வுக்காகச் செய்த வேலையைக் காட்டவேண்டும். அப்போது சட்டென்று தோன்றும் குறுக்குவழி ஒன்று உண்டு: பக்கத்தில் பணம் இருக்கும் இன்னொரு மத்திய மானியத்தில் தற்காலிகமாக எழுதிவிடுவது. இதை விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. ஒரு மானியத்தின் பற்றாக்குறையை இன்னொன்றால் நிரப்பக்கூடாது. பின்னால் தணிக்கையில் இது பிடிபட்டால் பணத்தைத் திருப்பவேண்டி வரும். ஆகவே அந்த மாதச் சம்பளம் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கணக்கிலிருந்துதான் போகவேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்திடம் அப்படி ஒரு கணக்கு இருக்கவேண்டும்.

ஏற்றத்தாழ்வு தெரிவது இங்கேதான். பெரும் அறக்கொடை நிதி உள்ள பல்கலைக்கழகங்கள் ஒன்றிரண்டு மாதத்தைத் தாங்கும். சிறிய மாநிலக் கல்லூரிகளுக்கு அந்த வசதி கிடையாது. இடைப்பட்ட காலத்துக்குக் கடன் வாங்கினால் அந்த வட்டியை மானியத்தில் கேட்கவும் முடியாது. கடன் வட்டி பொதுவாக அனுமதிக்கப்படாத செலவு. தாமதம் அரசுடையது, வட்டி கல்லூரியுடையது. இது அநியாயம். 2019-ல் வந்த சட்டம், முடக்கத்தில் வீட்டில் இருந்த மத்திய அரசு ஊழியர்களுக்குப் பின்சம்பளத்தை உறுதிசெய்கிறது. மானியத்தில் சம்பளம் வாங்கும் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு அப்படி எந்த உறுதியும் இல்லை. அதற்காக எலிக்கூண்டுகளுக்கோ செல் வளர்ப்புக்கோ விடுமுறை விடமுடியாது; முடக்கத்தின்போதும் யாரோ தினமும் உணவு வைத்தாக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிப் படிப்புக்கோ, முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய போஸ்ட்டாக் பணிக்கோ அமெரிக்கா போகும் இளைஞர்களை இது நேரடியாகத் தொடும். அவர்களில் பலரின் மாதச் சம்பளம் பேராசிரியரின் மானியத்திலிருந்து வருகிறது. எச்-1பி விசாவுக்குத் தேவையான தொழிலாளர் துறைச் சான்று வழங்குவது 2013 முடக்கத்திலும் 2025 முடக்கத்திலும் நின்றுபோனது. அச்சமயத்தில் புதிதாக வேலைக்கு எடுக்கப்பட்டவருக்குப் பல்கலைக்கழகம் மனுவே போட முடியாது.

எனவே சேருவதற்கு முன்பே பேராசிரியரிடம் சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்டுவிடுங்கள். என் சம்பளம் எந்தத் துறையின் மானியத்திலிருந்து வருகிறது? அடுத்த தவணை எந்த மாதம்? அது தாமதமானால் பல்கலைக்கழகம் எத்தனை மாதம் தாங்கும்? பதிலை மின்னஞ்சலில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.