எள்ளளவு பூச்சி, எந்தப் பூச்சி?

மழை ஓய்ந்த இரவில் குளக்கரை வீட்டு டியூப்லைட்டைச் சுற்றிப் பறந்து, தரையில் விழுந்து துள்ளும் எள்ளளவு பழுப்புப் பூச்சிகளைக் கவனித்திருப்பீர்கள். காலையில் பெருக்கித் தள்ளிவிடுகிறோம். அவற்றில் மைக்ரோனெக்டா என்ற பேரினத்தைச் சேர்ந்தவையும் இருக்கக்கூடும். சின்ன நீச்சல்காரன் என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். நம் ஏரி, கண்மாய்களில் தொடங்கி ஐரோப்பாவின் ஆறுகள் வரை பரவியிருக்கும் இவற்றில் பெரும்பாலானவை 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை.

இத்தனை சிறியதை எப்படி இனம் காண்பது? குளத்து நீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி, சேறு அடங்கும்வரை பொறுங்கள். அடிமண்ணை ஒட்டி விட்டுவிட்டுப் பாயும் புள்ளி ஒன்று தெரியும். பார்க்கக் குட்டி வண்டு போலிருந்தாலும் அது வண்டு அல்ல. கடித்து மெல்லும் தாடை அதற்குக் கிடையாது. கூட்டுப்புழுப் பருவமும் கிடையாது. மூட்டைப்பூச்சி இருக்கும் ஹெமிப்டெரா வரிசையில்தான் இதுவும் வருகிறது.

அடுத்து, அது நீந்தும் விதத்தைப் பாருங்கள். கூன்முதுகோடு மல்லாந்து நீந்தினால் அது பிளெய்டே குடும்பம். குப்புற நீந்தி, பின்கால்களைத் துடுப்புபோல் வீசினால் நாம் தேடும் பக்கம் வந்துவிட்டோம். இங்கே ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. ஐரோப்பாவில் பிளெயா மினுட்டிசிமா, மைக்ரோனெக்டா மினுட்டிசிமா என்று இரண்டு பூச்சிகள் இருக்கின்றன. மினுட்டிசிமா என்றால் மிகமிகச் சிறியது. பின்பாதிப் பெயரை மட்டும் குறித்து வைத்தால் இரு வேறு குடும்பங்கள் ஒன்றாகக் கலந்துவிடும்.

மைக்ரோனெக்டாவை நெடுங்காலம் கோரிக்சிடே குடும்பத்தின் உட்பிரிவாகவே வைத்திருந்தார்கள். இன்று பலரும் தனிக் குடும்பமாகக் கொள்கிறார்கள். கோரிக்சிடேயில் உணர்கொம்புக்கு நான்கு கணு, இதற்கு மூன்று. முன்முதுகுக்குப் பின்னால் உள்ள சிறு முக்கோணத் தகடு அங்கே மறைந்திருக்கும், இங்கே வெளியே தெரியும்.

உண்மையான சிரமம் சிற்றினத்தைப் பிரிப்பதில்தான். நிறத்தை நம்ப முடியாது. இறக்கையையும் நம்ப முடியாது; ஒரே சிற்றினத்தில் நீள இறக்கை கொண்டவையும் குட்டை இறக்கை கொண்டவையும் உண்டு. ஆணின் வயிற்று நுனியைப் பிரித்து, இனப்பெருக்க உறுப்பின் நுண்கொக்கிகள் எப்படி வளைந்திருக்கின்றன என்று நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பெரும்பாலும் உறுதி செய்ய முடியும். பெண் பூச்சி மட்டும் கிடைத்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அந்தக் கொக்கிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஐரோப்பாவின் மைக்ரோனெக்டா ஷோல்ட்சியில், ஆண் அதை வயிற்றுக் கண்டத்தின் வரம்பில் உரசிப் பாடுகிறது. பிரான்சு, ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட கட்டுரையில் அந்த ஒலியின் உச்ச அளவு 99.2 டெசிபல். உடல் அளவோடு வைத்துப் பார்த்தால், அவர்கள் ஒப்பிட்ட விலங்குகளில் எதுவும் இதற்கு ஈடில்லை. நீரில் அளந்த டெசிபலைக் காற்றில் கேட்கும் சத்தத்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனாலும், நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது ஒலியின் பெரும்பகுதி இழந்துபோன பிறகும் கரையில் நிற்பவர் காதில் அது விழுகிறது என்பது வியப்புதான். பாடுவது எந்தச் சிற்றினம் என்று தெரியாமல் இதில் ஒரு வரிகூட எழுதியிருக்க முடியாது. பெயர் காணும் வேலையை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

உங்கள் ஊர்க் குளத்தில் இவை கிடைத்தால் சிலவற்றை 70 விழுக்காடு ஆல்கஹால் உள்ள குப்பியில் போடுங்கள். ஊர், நீர்நிலை, தேதி மூன்றையும் பென்சிலால் எழுதிய துண்டுச்சீட்டைக் குப்பிக்குள்ளேயே வையுங்கள். பேனா மை கரைந்துவிடும். அருகிலுள்ள கல்லூரி விலங்கியல் துறையில் காட்டுங்கள். ஊரும் தேதியும் இல்லாத பூச்சி ஆய்வுக்கு உதவாது.